பள்ளி திறக்க ஒரு வாரம்: நூலகர் முதலில் எதைத் தொடுவது?

கேள்வி கேட்டிருப்பவர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நூலகராகச் சேர்ந்து ஓராண்டு ஆனவர். சுமார் 4,000 புத்தகங்கள், இரண்டு அறைகள், உதவியாளர் கிடையாது. ஏப்ரலில் பூட்டிய கதவை அடுத்த வாரம் திறக்கப் போகிறார். "போன வருஷம் தூசி தட்டி, பதிவேடு சரிபார்த்து, கிழிஞ்சதை பைண்டிங்குக்கு அனுப்பி முடிக்கறதுக்குள்ள ஆகஸ்ட் வந்துடுச்சு. அதுவரைக்கும் பிள்ளைங்க யாரும் உள்ளே வரல. இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது. எதுலேருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்கிறார்.

டெல்டாப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் ஏழெட்டு ஆண்டுகள் நீங்கள் சொல்கிற அதே ஜூன், ஜூலைதான் எனக்கும். அறை சுத்தமாக வேண்டும், கணக்கு நேராக வேண்டும், அப்புறம்தான் பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். பிறகு வரிசையை மாற்றினேன். பள்ளி திறக்கிற முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கையில் புத்தகம் போய்விட வேண்டும். அதற்கு எது தேவையோ அதை மட்டும் இந்த வாரம் செய்யுங்கள். மற்றதெல்லாம் பிள்ளைகள் வந்துபோகிற நூலகத்தில் பக்கவாட்டில் நடக்கட்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

புத்தகத்தைத் தொடுவதற்கு முன், கால அட்டவணை போடுகிற ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் உதவித் தலைமையாசிரியர் அல்லது மூத்த முதுகலை ஆசிரியர் ஒருவர் அந்த வேலையைச் செய்வார். பள்ளி திறப்பதற்கு நாலைந்து நாள் முன்பு ஒரு பெரிய தாளில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பென்சில் பேனாவாக மாறுவதற்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் போட்டு மிச்சமாகும் கட்டத்தில்தான் வழக்கமாக 'நூலகம்' என்று எழுதுவார்கள். அது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையாக இருக்கும், அல்லது இரண்டு பிரிவுகளைச் சேர்த்து 80 பேரை ஒரே நேரத்தில் அனுப்புவதாக இருக்கும். இரண்டுமே இல்லாததற்குச் சமம். கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளின் கண் பேருந்து மேல் இருக்கும். 80 பேர் வந்தால் நீங்கள் வரிசையைச் சமாளிப்பீர்களே தவிர ஒருவரிடம்கூட புத்தகம் பற்றிப் பேச முடியாது.

கேட்க வேண்டியதைக் குறைவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்குப் பிரிவு ஒன்றுக்கு வாரம் ஒரு பாடவேளை. சேர்த்து அனுப்ப வேண்டாம். வெள்ளி கடைசி வேண்டாம். 9-க்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று கிடைத்தால்கூடப் போதும். 10, 12-க்காகச் சண்டை போடாதீர்கள். தந்தாலும் ஜூலையில் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். அவர்களுக்காக மதிய இடைவேளையில் அரைமணி நேரம் கதவு திறந்திருக்கும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் தேதியே சில ஆண்டுகளில் வெயிலால் தள்ளிப்போகும். 2023-ல் ஜூன் 1 என்றது 7 ஆகி, அதுவும் 12 ஆனது. அப்படித் தள்ளிப்போனால் கிடைக்கிற நாட்களை நூலகத்துக்கு லாபமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அட்டவணைக் கட்டத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது.

இப்போது கதவைத் திறப்போம்.

ஒன்றரை மாதம் மூடிய அறை. கோடை மழை ஒன்றிரண்டு பெய்திருக்கும். தனியாகப் போகாதீர்கள். அலுவலக உதவியாளரையோ காவலரையோ கூட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு போங்கள். குளவிக் கூடு, பல்லி முட்டை, அணில் கூடு எல்லாம் சாதாரணம். தேளும் பாம்பும் வருவதற்கு வாய்ப்பு உள்ள ஊர்கள் நம்முடையவை. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விடுங்கள். மின்விசிறியை உடனே போடாதீர்கள். இறகின் மேல் இருக்கிற தூசி அத்தனையும் புத்தகத்தின் மேல் வந்து உட்காரும். முகக்கவசம் கட்டாயம். பழைய காகிதத் தூசியை வெறும் மூக்கால் இழுத்து இழுத்து எனக்கு வந்த மூச்சிரைப்பு ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

முதல் பார்வை கூரைக்கும் சுவருக்கும். எங்கே நீர் வழிந்த தடம் இருக்கிறதோ அதன் கீழே உள்ள அடுக்குத்தான் உங்கள் முதல் நோயாளி. அடுத்து, சுவரோடு ஒட்டியிருக்கும் மர அலமாரியின் பின்பக்கமும் கால்களும். மண்கோடு போல ஏறியிருந்தால் கரையான். அதைத் துடைத்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். சுவரிலிருந்து ஒரு கை அளவு அலமாரியை நகர்த்தி, கரையான் மருந்து அடிப்பவரை வரவழைக்கத் தலைமையாசிரியரிடம் அன்றே எழுதிக் கொடுங்கள். புத்தகத்தில் சின்னத் துளையும் அதிலிருந்து மாவு போல உதிரும் தூளும் இருந்தால், அது நம் முன்னோர் சுவடிக் காலத்திலிருந்தே இராமபாணம் என்று சொல்லி அஞ்சிய புத்தகப் பூச்சியின் வேலை. பத்துப் பதினைந்து புத்தகம்தான் என்றால் ஒரு வழி இருக்கிறது. பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, நல்ல குளிர் உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு பையை உடனே பிரிக்காமல் ஒரு நாள் விட்டால் புத்தகம் வியர்க்காது. பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

அந்துருண்டை வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் போடுகிறார்கள், நானும் போட்டேன். அதில் இருப்பது நாஃப்தலீன். சிறு பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். 40 பேர் மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசிப்பதும் நல்லதில்லை. பூச்சிக்கு உண்மையான எதிரி காற்றோட்டமும், புத்தகத்தை ஆட்கள் எடுத்துப் புரட்டுவதும்தான். ஓயாமல் கை படுகிற அடுக்கில் பூச்சி குடியேறியதை நான் பார்த்ததே இல்லை.

பூஞ்சை பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சையைப் பக்கம் முழுக்கப் பூசுவதாக ஆகும். நிழலில், காற்று வரும் இடத்தில் விரித்து நிறுத்தி நன்றாகக் காயவிட்டு, பிறகு வெளியே எடுத்துப்போய் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்து மையும் வெளுக்கும். அறையில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை திரும்ப வரும். காவிரிக் கரை ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் இது ஓயாத போராட்டம். சுவரோடு ஒட்டாத அலமாரியும் தினமும் திறக்கும் ஜன்னலும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

தூசி தட்டுவதற்கு ஒரு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். மேல் தட்டிலிருந்து கீழே, உலர்ந்த துணி, புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்து மேல்விளிம்பை முதுகிலிருந்து (தைத்திருக்கும் பக்கம்) வெளிப்பக்கமாகத் துடைப்பது. அவ்வளவுதான். கிழிந்தவற்றை ஒரு பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். பைண்டிங் ஜூலை வேலை. செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். மூன்றே ஆண்டில் மஞ்சளாகிக் காகிதத்தையும் தின்றுவிடும்.

இரண்டாம் நாள் அடுக்குகள். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் எடுக்காததற்குப் பாதிக் காரணம் அலமாரி நெருக்கமாக இருப்பது. ஒரு தட்டில் 50 புத்தகத்தைத் திணித்து வைத்திருந்தால் பதினோரு வயதுப் பிள்ளையின் விரல் உள்ளே போகாது. முதுகின் மேல்முனையைப் பிடித்து இழுக்கும், அது கிழியும், நீங்கள் திட்டுவீர்கள், அந்தப் பிள்ளை மறுபடி வராது. ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு இடம் காலியாக இருக்கட்டும். அந்த இடத்தை உண்டாக்கத்தான் கழித்தல்.

கழித்தல் என்றதும் பயப்படாதீர்கள். தள்ளுபடி செய்யும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. அதற்குக் குழு, தீர்மானம், நிர்வாக ஒப்புதல் எல்லாம் உண்டு. ஆனால் அடுக்கிலிருந்து எடுத்துப் பட்டியல் போட்டுப் பெட்டியில் வைக்கும் உரிமை உங்களுடையது. யார் தடுத்தாலும் இதைச் செய்யுங்கள். தப்பான தகவலைப் பிள்ளை கையில் கொடுப்பது நூலகம் செய்யக் கூடாத காரியம். பொது அறிவுப் புத்தகங்களை முதலில் பாருங்கள். கோள்கள் ஒன்பது என்று சொல்வது 2006 ஆகஸ்டுக்கு முந்தையது. புளூட்டோவை அந்த மாதம்தான் குறுங்கோள் என்று மாற்றினார்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இருந்தால் அதுவும் பழசு, இன்று 38. மாநிலக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 2010-ல் அச்சான புத்தகம் 28 மாநிலங்கள் என்று சொல்லும். இன்றைய எண்ணிக்கையும் 28தான். சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்த 28-ல் தெலங்கானா இருக்காது, அது 2014 ஜூனில் பிறந்தது. ஜம்மு காஷ்மீர் மாநிலமாக இருக்கும், அது 2019 அக்டோபர் 31-லிருந்து இரண்டு ஒன்றியப் பகுதிகள். எண் ஒத்துப்போய் உள்ளடக்கம் தப்பாக இருக்கிற இப்படிப்பட்ட புத்தகம்தான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையைக் கவிழ்க்கும். மாறிப்போன பாடத்திட்டத்தின் வழிகாட்டி நூல்கள், காலாவதியான கணினிப் புத்தகங்கள், இலவசமாக வந்த ஒரே நூலின் 15 பிரதிகள் ஆகியவையும் பெட்டிக்குப் போகலாம். எங்கள் நூலகத்தில் முதல் முறை செய்தபோது மூன்று அலமாரி காலியானது. அதிலிருந்து ஒரு நல்ல புத்தகம்கூடக் குறையவில்லை.

அடுத்தது வரிசை. நம் பள்ளிகளில் பெரும்பாலும் டூயி தசம வகைப்பாடு, அதாவது பொருளுக்கு ஏற்ப எண் கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கும் முறை. நான் அதை மதிக்கிறேன். ஆனால் தமிழ்ப் பள்ளி நூலகத்தில் அது ஓரிடத்தில் கை விரித்துவிடும். தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதில் கதை 894.8113. உங்கள் 4,000 புத்தகத்தில் பாதியாவது இந்த ஓர் எண்ணுக்குள் வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்ற 24 பக்கப் படக்கதையும் 600 பக்க வரலாற்று நாவலும் ஒரே எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிள்ளை எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துப் போகும், படிக்க முடியாமல் திருப்பித் தரும். எண்ணை மாற்ற வேண்டாம், பதிவேடு குழம்பும். முதுகின் அடியில் ஒரு வண்ண நாடா ஒட்டுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்களே, அந்தப் பெயர்கள் அழகானவை, பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. அவற்றையே எடுத்துக்கொண்டு நான்கு வண்ணம் வையுங்கள். ஆனால் எந்தப் பிள்ளையிடமும் "நீ 'நட'தான் எடுக்கணும்" என்று சொல்லாதீர்கள். வண்ணம் வழிகாட்டத்தான், வேலி போட அல்ல. இந்த வாரத்துக்குள் 300 புத்தகத்துக்கு ஒட்டினால் போதும்.

அந்த 300 தான் உங்கள் ஜூன் மாத நூலகம். அவற்றை ஜன்னல் பக்கம், பிள்ளைகளின் கண் உயரத்தில், முடிந்தவரை முகப்பு அட்டை தெரியும்படி வையுங்கள். சுவரில் இரண்டு கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் மெல்லிய புத்தகங்களைத் தொங்கவிடலாம். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசை, தூலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் சிறு நூல்கள், துளிர் இதழின் பழைய பிரதிகள், பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் எல்லாம் அங்கே இருக்கட்டும். பேய்க் கதை கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். இருந்தால் வைத்துவிடுங்கள். நாட்டுப்புறக் கதை அடுக்கில், 398.2-ல், நல்ல பேய்க் கதைகள் ஒளிந்துகொண்டிருக்கும்.

இனி இருப்பு சரிபார்ப்பு. போன ஆண்டு உங்கள் இரண்டு மாதத்தை விழுங்கியது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்காக நூலகத்தை மூடத் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம், ஓர் அலமாரி. ஒருவர் முதுகு எண்ணை வாசிக்க, இன்னொருவர் சேர்க்கைப் பதிவேட்டின் (நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் எண் போட்டு எழுதிய பதிவேடு) நகலில் பென்சிலால் குறி போட்டால் மணிக்கு 200 புத்தகம் ஓடும். 4,000-க்கு 20 நாள். பிள்ளைகள் கையில் இருப்பவை வழங்கல் பதிவேட்டில் இருக்கின்றன, அவற்றைக் கடைசியில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். நூலக மென்பொருளுக்கு மாற வேண்டும், கோஹா போன்ற ஒன்றைப் போடலாமா என்ற யோசனை இருந்தால் அதை டிசம்பருக்குத் தள்ளுங்கள்.

சரிபார்ப்பின் அடியில் இருக்கிற பயம் தொலைந்த புத்தகம்தான். 'எண்ணிக்கை குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்' என்ற பயத்தில் எத்தனையோ நூலகர்கள் அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நானும் பூட்டியிருக்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ல் விதி 215 இதைப் பற்றிப் பேசுகிறது. 20,000 புத்தகங்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை முழுச் சரிபார்ப்பு. ஓராண்டில் வழங்கிய அல்லது புரட்டிப் பார்க்கப்பட்ட 1,000 புத்தகத்துக்கு 5 வரை தொலைவது நியாயமான இழப்பு, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாத வரை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய நூலும் போனால் மட்டும் விசாரித்தே ஆக வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டாது. ஆனால் தலைமையாசிரியரிடம் பேச இதைவிட நல்ல பிடி கிடைக்காது. கணக்குப் போட்டே காட்டலாம். ஆறு பிரிவு, 240 பிள்ளைகள், ஆளுக்கு 25 வாரம் ஒரு புத்தகம் என்றால் 6,000 வழங்கல். அதற்கு 30 புத்தகம் வரை இழப்பு இயல்பு. இதை நான் ஒரு தாளில் எழுதி எங்கள் தலைமையாசிரியரிடம் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "இதுக்குத்தான் இத்தனை வருஷம் பூட்டி வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே சாவிக்கொத்தை மேசை இழுப்பறையில் போட்டேன்.

தொலைந்த புத்தகம் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். வாரம் தவறாமல் வருவாள். ஒரு முறை எடுத்துப்போன புத்தகத்தை வீட்டில் தம்பி கிழித்துவிட்டான். விலை 60 ரூபாய். கொண்டுவந்து கட்டச் சொன்னேன். விதி அதுதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வகுப்போடு வரும்போது வாசலருகே நின்றுவிட்டுப் போவாள், புத்தகம் எடுப்பதில்லை. அடுத்த ஜூனில்தான் எனக்குப் புரிந்தது. அவள் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தார். 60 ரூபாயை வீட்டில் கேட்க முடியாமல் ஓராண்டு முழுக்கப் புத்தகம் இல்லாமல் இருந்திருக்கிறாள். நான் கூப்பிட்டுப் பேசினேன், எடுத்துக்கோ என்றேன். எடுத்தாள். ஆனால் பழைய ஆவல் திரும்பவில்லை. அதனால்தான் சொல்கிறேன். பள்ளி திறப்பதற்கு முன் போன ஆண்டின் நிலுவைப் பட்டியலை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பெயரும் உள்ளே வரப் பயந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம். முதல் வாரத்திலேயே தனித்தனியாகக் கூப்பிட்டு, கிழிந்ததோ தொலைந்ததோ பரவாயில்லை என்று சொல்லி, அங்கேயே அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுங்கள். பணமாக வாங்காமல், ஒரு மாலை நேரம் புத்தகம் அடுக்கித் தரச் சொல்லலாம். (நிலுவைப் பட்டியலில் மிகப் பெரிய பாக்கி ஆசிரியர்களுடையதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு ஆசிரியர் ஓய்வறையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து 'நூலகத்துக்கு' என்று எழுதிவிடுங்கள். பேர் கேட்காமல் வாங்கினால் பத்து வருடத்துப் புத்தகம்கூட வந்து விழும்.)

வழங்கல் பதிவேட்டை இந்த ஆண்டு புதிதாகப் போடுங்கள். வழக்கமான பதிவேடு தேதி வரிசையில் இருக்கும். அதில் யார் என்ன படித்தார் என்று ஒருநாளும் தெரியாது. வகுப்புக்கு ஒரு நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று மாற்றுங்கள். பக்கத்தின் தலையில் பெயர், கீழே தேதி, புத்தக எண், பெயர், திரும்பிய தேதி. இதில் இரண்டு லாபம். முதலாவது நேரம். 40 நிமிடப் பாடவேளையில் 40 பேருக்கு ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே 20 நிமிடம் எழுத்திலேயே போய்விடும். பிள்ளைக்குப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தில் பிள்ளையே எழுதிக்கொள்ளும், நீங்கள் சுருக்கொப்பம் மட்டும் போடலாம். திருப்பித் தரும் புத்தகங்களை வகுப்புத் தலைவர் அன்று காலையே கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டால் வரிசையே இருக்காது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. பள்ளி நூலகத்தில் அந்த விதியின் முழுப் பொருளும் இந்த 20 நிமிடத்தில் இருக்கிறது.

இரண்டாவது லாபம் பெரியது. அக்டோபரில் ஒரு பிள்ளையின் பக்கத்தைத் திறந்தால் அது எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே எழுத்தாளரையே சுற்றுகிறதா, மெல்லிய புத்தகத்தைத் தாண்டவில்லையா, எடுப்பதை மறுநாளே திருப்பித் தருகிறதா? பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

முதல் வாரம் ஆறாம் வகுப்பு வரும்போது விதிமுறைகளை வாசிக்காதீர்கள். அமைதி, வரிசை, சுத்தமான கை எல்லாம் இரண்டாம் வாரம் சொல்லிக்கொள்ளலாம். பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள், நூலகம் என்று தனி அறையையே முதல் முறை பார்ப்பவர்கள் அதில் இருப்பார்கள். ஒரு சின்னக் கதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், பத்து நிமிடம். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திப் புத்தகத்தை அடுக்கில் வையுங்கள். மணி அடித்ததும் அதற்கு நாலைந்து கை நீளும். மற்றவர்கள் வண்ண நாடா அடுக்கில் கை வைப்பார்கள். எதை எடுத்தாலும் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் எழுத்தைப் பார்க்காத கண் முதலில் படத்தைத்தான் தேடும். எட்டாம் வகுப்புப் பையன் படக்கதை எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள்.

அறை தயாராகவில்லை, கரையான் மருந்து அடித்திருக்கிறார்கள், உள்ளே வர முடியாது என்றால்? அப்போதும் நிறுத்தாதீர்கள். 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு கூடை போதும். 50 புத்தகத்தோடு வகுப்பறைக்கே போங்கள். நான் ஓர் ஆண்டு, கூரை ஒழுகி அறை மூடியிருந்தபோது, மூன்று வாரம் அப்படித்தான் நடத்தினேன். அந்த ஆண்டு வழங்கல் குறையவே இல்லை.

செய்தித்தாள் போடுபவரிடம் சொல்லி வைப்பது, இதழ்ச் சந்தா புதுப்பிப்பது, மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பிள்ளைகளிடம் புத்தகத்தை வாங்கிவைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். சான்றிதழை மட்டும் புத்தகத்துக்காக யாரும் நிறுத்திவைக்க விடாதீர்கள்.

கடைசியாக, இந்த ஜூனில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை அடுத்த ஏப்ரலைப் பற்றியது. எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போகிறோம். படிக்க நேரம் இருக்கிற ஒரே காலத்தில் பிள்ளையிடம் புத்தகம் இல்லை. வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை அந்த மாதங்களில் முன்னே போகும், இல்லாத பிள்ளை ஜூனில் பின்தங்கி வரும். ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைக்கு ஆளுக்கு 12 புத்தகம், அவர்களே தேர்ந்தெடுத்தவை, தொடர்ந்து மூன்று கோடை. வேறு பாடமோ பயிற்சியோ இல்லை. புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட அவர்கள் வாசிப்புத் தேர்வில் முன்னே இருந்தார்கள்.

நான் என் கடைசி மூன்று ஆண்டுகளில் 6, 7-ஆம் வகுப்புகளுக்கு விடுமுறைக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்பினேன். ஜூனில் சில புத்தகம் திரும்பவில்லை. மற்றதெல்லாம் நாட்காட்டித் தாளில் அட்டை போட்டு வந்தது. பள்ளி திறந்த அன்று காலை நான் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் புத்தகத்தை மாற்ற நின்றார்கள். இந்த ஜூனில் உங்களுக்கு அது இருக்காது. தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது கால அட்டவணைக் கட்டத்தோடு இதையும் கேட்டு வாங்கி வையுங்கள். மார்ச்சில் போய்க் கேட்டால் தேர்வு வேலையில் யார் காதிலும் விழாது.